மருமகள் பார்க்கும் பெருநாள்

நோன்புப் பெருநாள் வருகிறது என்றால் எங்கள் மர்கிலான் ஊரில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். எனக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு முன்பே பல்லைக் கடிக்கும் பழக்கம் வந்துவிடும். மெத்தை உறைகளைப் பிரித்துத் துவைக்க வேண்டும். கம்பளங்களை முற்றத்தில் விரித்துத் தேய்க்க வேண்டும். நோன்பு வாயோடு நாள் முழுக்க மாவு பிசைய வேண்டும். பெருநாள் அன்று ஆண்கள் தொழுதுவிட்டு வந்து, "பண்டிகை வாசனையே தனிதான்" என்று மூக்கை உறிஞ்சுவார்கள். அது எங்கள் முதுகு வெந்த வாசனை என்று ஒருவருக்கும் தோன்றாது.

ஆனால் இது என் முதுகைப் பற்றிய கதை இல்லை. அதீபாவைப் பற்றியது.

நான் இந்த வீட்டின் மூத்த மருமகள், இனோபத். என் கணவரின் தம்பி சன்ஜர், போன பருத்தி எடுப்பு முடிந்த கையோடு அதீபாவைக் கட்டிக்கொண்டு வந்தான். பக்கத்துப் பட்டணம் ஃபெர்கானாவில் சின்னக் குழந்தைகள் பள்ளியில் வேலை பார்த்த பெண். சிரித்தால் வீடே சிரிக்கும். அவளுக்கு இது புகுந்த வீட்டில் முதல் பெருநாள். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்றால், மூன்று நாள் வாசல் கதவு திறந்தே கிடக்கும், தெருப் பெண்கள் கூட்டம் கூட்டமாக, "மருமகள் இருக்காளா?" என்று நுழைவார்கள், புதுப்பெண் சீர்வரிசை அடுக்கிய அறையின் மூலையில் முகத்திரை போட்டு நிற்பாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று முறை இடுப்பு வளையக் குனிந்து சலாம் செய்ய வேண்டும். பேசக் கூடாது. உட்காரக் கூடாது. வந்தவர்கள் சப்பணம் போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே அவளை விலை போடுவார்கள்.

பெருநாளுக்கு முந்தின நாள் மதியம், அடுப்படியில் நானும் அவளும் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். அவளுக்கு நோன்பு வைக்கக் கூடாத நாட்கள் அவை. அத்தைக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கு ரொட்டியும் தயிரும் கொடுத்தேன். துணைக்கு நானும் நோன்பை விட்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கும் அதே நாட்கள்தான்.

அவள் ரொட்டியைப் பிய்த்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"அக்கா, நாளைய நெனச்சாலே கை மரத்துப் போகுது."

"எல்லாப் பொண்ணுக்கும் அப்படித்தான்டி இருக்கும்."

"இல்லக்கா. எனக்கு வேற மாதிரி." சொல்லலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா போனப்புறம் எனக்கு மூச்சு அடைக்க ஆரம்பிச்சுது. கூட்டத்துல, பூட்டின ரூம்ல. நெஞ்சு படபடன்னு அடிக்கும், விரல் எல்லாம் சுருண்டுக்கும், இப்பவே செத்துடுவேன்னு தோணும். மனசுக்குப் பாக்கிற டாக்டர்கிட்ட ஒரு வருஷம் போனேன். நெஞ்சுல ஒண்ணுமில்ல, பயம்தான் இப்படி வருதுன்னு சொன்னாங்க. வந்தா உடனே வெளிக் காத்துக்குப் போகணும், உக்காரணும், மூச்சை மெதுவா வெளிய விடணும். முக்கியமா, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லிடணும், மறைக்கக் கூடாது, மறைச்சா அதிகமாகும்னு சொன்னாங்க."

"சன்ஜருக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். எங்க வீட்ல உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சொன்னார்."

எனக்கு அங்கேயே சுர்ரென்று ஏறியது. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனேன். சன்ஜர் முற்றத்தில் கார் கழுவிக்கொண்டிருந்தான். பெருநாளுக்குக் கார் பளபளக்க வேண்டுமே!

"ஏம்பா, அவளுக்கு மூச்சு அடைக்கிறது உனக்குத் தெரியுமாமே?"

"தெரியும் அண்ணி."

"அம்மாகிட்ட சொன்னியா?"

அவன் சக்கரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தான். "மூணு நாள்தானே அண்ணி. சொன்னா அம்மா என்ன நெனைப்பாங்க? பொண்ணுக்கு ஜின் பிடிச்சிருக்கு, மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு ஆரம்பிச்சுடுவாங்க. தெருவெல்லாம் தெரிஞ்சா அவளை இங்க வாழ விடுவாங்களா? எல்லாரும்தான் நிக்கறாங்க. நீங்க நிக்கலியா?"

"நான் நின்னேன். மாடு கூடத்தான் நிக்குது. அதுக்காக அவளையும் கொண்டுபோய்க் கட்டணுமா?"

"சத்தம் போடாதீங்க அண்ணி. அம்மா மனசு சங்கடப்படும்."

"உங்கம்மாவுக்கு மனசு இருக்கு. உன் பொண்டாட்டிக்கு என்ன இருக்கு, கல்லா?"

அவன் வாளித் தண்ணீரை எடுத்துக் காரின் மேல் கொட்டினான். அந்தத் தண்ணீரை அவன் தலையில் கொட்டியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, நானே கேட்கிறேன் என்று அத்தையிடம் போனேன். நோயைப் பற்றிச் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவள் அதீபா. பொதுவாகக் கேட்டேன்.

"அத்தை, நாளைக்கு ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வர்றதுக்குள்ள அவ செத்த உக்காரட்டுமே. ஜன்னலையும் திறந்து வைப்போம்."

"ஜன்னலா? தெருவுல போறவ வர்றவ கண்ணெல்லாம் என் மருமக மேல விழவா?" அத்தை சின்னக் கிண்ணங்களில் கற்கண்டு நிரப்பிக்கொண்டிருந்தார். "உக்காந்தா லட்சணம் கெட்டுப் போச்சும்பாளுங்க. நானும் இதே ரூம்லதான் நின்னேன். என் மாமியா ஒரு மடக்குத் தண்ணி குடுக்கல. நான் குடுக்கறேன்ல?"

அத்தை கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவர் என்றால் ஒரு சண்டை போட்டு ஓய்ந்துவிடலாம். இவர் அதீபாவுக்காக ஆசை ஆசையாகப் பட்டு வாங்கித் தைத்தவர். ஆனால் தான் பட்ட கஷ்டத்தை அடுத்தவளும் பட்டால்தான் தான் பட்டதற்கு மரியாதை என்று நினைப்பவர். எங்கள் தெருவில் முக்கால்வாசி மாமியார்கள் அப்படித்தான்.

மறுநாள் காலையில் முதல் கூட்டம் வந்தது. அதீபா வெள்ளை முகத்திரைக்குள் நின்றாள். பின்னால் கூரை வரை அடுக்கிய மெத்தைகள், இரண்டு பக்கமும் தொங்கும் உடுப்புகள், எதிரே அவள் அம்மா அனுப்பிய பலகாரத் தட்டுகள். காற்று புக இடமில்லை. பக்கத்து வீட்டு மஸ்தூரா, கூட்டத்துக்குத் தளபதி மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்கள் மகளைக் கட்டிக் கொடுக்கும் முன் இந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள், அப்படி வாய்.

அதீபா குனிந்தாள்.

"ஹும். இடுப்பு இன்னும் வளையலாம்" என்றாள் மஸ்தூரா, டீயை உறிஞ்சிக்கொண்டே. "போன வருஷம் கோடி வீட்டு மருமக குனிஞ்சா நெத்தி முழங்கால்ல இடிச்சுது."

"பட்டணத்துப் புள்ள. கொஞ்சம் விறைப்பு" என்றாள் இன்னொருத்தி.

"உங்க முட்டி வலி எப்படி இருக்கு மஸ்தூரா அக்கா?" என்றேன் நான், டீ ஊற்றிக்கொண்டே. "போன வாரம் கடைத்தெருவுல குனிஞ்சு ஒரு வெங்காயம் எடுக்க ஆள் கூப்ட்டீங்களே."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் டீயே ஆறிப்போனது.

ஒரு கூட்டம் வெளியேறியதும் அத்தை இரும்புச் சட்டியில் இசிரிக் புகையோடு வந்தார். காய்ந்த செடிதான், கண்ணேறுக்கு எரிப்பது, எங்கள் ஊரில் சாம்பிராணி மாதிரி எல்லா வீட்டிலும் உண்டு. "மஸ்தூரா கண்ணு பொல்லாத கண்ணு" என்று முணுமுணுத்தபடி, அதீபாவின் தலையைச் சுற்றி, முகத்திரைக்கு அடியிலும் ஒரு முறை காட்டினார். மூடின ஜன்னல், மூடின முகம், அதற்குள் புகை. எந்தக் கண் படுமோ என்று பயந்து மூச்சையே அடைக்கிறார்கள்! அதீபா இருமினாள். "பாத்தியா, எவ்வளவு திருஷ்டி" என்றார் அத்தை, இன்னும் ஒரு பிடி போட்டார்.

கூட்டத்துக்குப் பின் கூட்டம். சலாம், டீ, புகை. சலாம், டீ, புகை. நான் தட்டு மாற்றும் சாக்கில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கையைத் தொட்டால் பனிக்கட்டி. விரல்கள் உள்ளுக்குச் சுருண்டு கிடந்தன.

"அக்கா, வருது" என்றாள் திரைக்குள்ளிருந்து.

"வா, வெளிய போலாம்."

"எங்க?" அத்தை வாசற்படியிலேயே மறித்தார். "அடுத்த கூட்டம் முற்றத்துக்கு வந்தாச்சு. முதல் பெருநாள்ல மூலை காலியா இருந்தா என்ன பேசுவாங்க தெரியுமா?"

"அவளால முடியல அத்தை!"

"கொஞ்சம் கற்கண்டு வாயில போடு. சரியாயிடும்."

அதற்குள் மஸ்தூரா, விட்டுப்போன உறவுக்காரிகளைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தடவையாக உள்ளே வந்துவிட்டாள். அதீபா குனிந்தாள். நிமிர்ந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். மூன்றாவது முறை குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே முட்டி மடங்கி, பலகாரத் தட்டின் மேல் சாய்ந்து விழுந்தாள்.

நான் ஓடிப் போய் முகத்திரையை இழுத்துப் போட்டேன். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள், கரையில் போட்ட மீன் மாதிரி. மஸ்தூரா அத்தையைப் பார்த்துக் கைகொட்டினாள்.

"அடி ஹைரினிசா! என் வாய்க்குச் சக்கரை போடுடி! மருமக முழுகாம இருக்கா!"

"அல்லாவே" என்றார் அத்தை.

"நின்ன வாக்குல விழுந்தா வேற என்னவாம்? நான் எத்தனை பாத்திருக்கேன். பாரு, ஆம்பளப் புள்ளதான்!"

அடுத்து நடந்ததை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். காலையிலிருந்து நான் கெஞ்சிக் கேட்டதெல்லாம் ஒரு நிமிடத்தில் நடந்தது. அத்தை புகைச் சட்டியைத் தூக்கி என்னிடம் நீட்டினார்: "வெளிய கொண்டு போ, குழந்தைக்கு ஆகாது." ஜன்னலைத் தானே தள்ளித் திறந்தார்: "காத்து வரட்டும்." அடுக்கிலிருந்து புது மெத்தையை உருவிப் போட்டார். பூப்போட்ட தலையணையை அதீபாவின் முதுகுக்குக் கொடுத்தார். "சாஞ்சுக்கோ கண்ணு. இனி நீ குனியவே கூடாது. யாராவது ஏதாவது சொல்லட்டும், நான் பாத்துக்கறேன்." அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு இரண்டும் பெண்கள். அந்தக் கண்ணீரை எனக்காக ஒரு தடவையும் பார்த்ததில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூச்சு முட்டுகிற பெண்ணுக்கு ஜன்னல் திறக்காது. வயிற்றில் இல்லாத பிள்ளைக்குத் திறக்கிறது!

ஆனாலும் ஜன்னல் திறந்துவிட்டதே. அதீபா மெல்ல மெல்ல மூச்சை வெளியே விட்டாள், டாக்டர் சொன்ன மாதிரி. விரல்கள் விரிந்தன. நான் அவள் காதருகே குனிந்தேன்.

"பேசாம இரு. மூணு நாள் இப்படியே உக்காந்துக்கோ. அப்புறம் தள்ளிப் போச்சு, தப்பாக் கணக்குப் போட்டுட்டோம்னு சொல்லிக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். ஆசைப்பட்டாள், தெரிந்தது. யாருக்குத்தான் ஆசை வராது?

வெளியே மஸ்தூராவின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. புலாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள் சன்ஜரின் முதுகில் தட்டினார்கள். அவன், "அப்படியா, அப்படியா" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். ஓடி வந்து பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியாதா அவள் ஏன் விழுந்தாள் என்று? உள்ளே அத்தை போனை எடுத்துவிட்டார்.

"இரு, உங்கம்மாவுக்குச் சொல்லிடறேன். பாவம், தனியா உக்காந்திருப்பா. கேட்டா தெருவுக்கே இனிப்புக் குடுப்பா."

அதீபாவின் முகம் மாறியது. அவள் அம்மா புருஷனைப் பறிகொடுத்தபின் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை."

பெருநாள் மருமகள் பேசிவிட்டாள். டீக் கிண்ணங்கள் அந்தரத்தில் நின்றன.

"வெக்கப்படாத கண்ணு..."

"குழந்தை இல்ல, அத்தை." அவள் தலை குனியவில்லை. "நேத்துகூட எனக்கு நோன்பு வைக்கக் கூடாத நாள்தான். இனோபத் அக்காவுக்குத் தெரியும். எனக்குப் பயம் வந்தா மூச்சு அடைக்கும். ரொம்ப நாளா இருக்கு. டாக்டர்கிட்ட போயிருக்கேன். உங்க பிள்ளைக்கும் தெரியும். ஜின்னும் இல்ல, கண்ணேறும் இல்ல. என்னால நின்னுக்கிட்டே இருக்க முடியாது. கொஞ்சம் உக்காரணும், அவ்வளவுதான் கேக்கறேன்."

மஸ்தூரா பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளினாள். நாளைக்கு மர்கிலான் முழுக்கப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே.

அத்தை போனைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. கடையில் ஒரு துணியை விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று மடித்துத் தருகிற முகம். குனிந்து, அதீபாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தத் தலையணையை உருவினார்.

"அப்போ எழுந்திரு" என்றார்.

அதீபா எழுந்தாள். எனக்கு உயிரே போனது. முகத்திரையைத் தேடுவாள், மூலைக்குப் போவாள் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். வெறும் முகத்தோடு, பட்டு உடுப்பில் ஒட்டிய பலகாரத் துகளோடு, முற்றத்துக்கு இறங்கி, ஆண்கள் சாப்பிடும் மேசையைத் தாண்டி, பூத்திருந்த ஆப்ரிகாட் மரத்தடியில் போய்ப் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

நான் பின்னாலேயே போனேன். சன்ஜர் கையில் சோற்றுப் பருக்கையோடு எழுந்து வந்தான்.

"என்ன பண்றே? உள்ள போ. ஆளுங்க இருக்காங்க."

"நீங்க போங்க" என்றாள் அதீபா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என் மூலை காலியா இருக்கு. போய் நின்னு சலாம் போடுங்க. மூணு நாள்தானே."

மேசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து இருமலாக்கிக்கொண்டார்கள்.

"சன்ஜர்!" ஜன்னலிலிருந்து அத்தையின் குரல். "அவள உள்ள கூட்டிட்டு வா! இல்லேன்னா அவ அம்மா வீட்டுக்கு வண்டி எடு!"

அவன் ஜன்னலைப் பார்த்தான். மரத்தடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என்னை என்னப்பா பாக்கிறே?" என்றேன். "என் முகத்துல பதில் எழுதியிருக்கா? அவ உன்கிட்டதான் முதல்ல சொன்னா. நீ சொல்லியிருந்தா இவ விழுந்திருக்க மாட்டா. இப்பவாவது வாயைத் திற."

அவன் வாயைத் திறக்கவில்லை. பெருநாளுக்கு எடுத்த புதுக் கால்சட்டையோடு, அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். அன்று அவனால் முடிந்தது அவ்வளவுதான். அதீபாவுக்கு அது போதுமாக இருந்ததோ என்னவோ, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். எனக்குப் போதவில்லை.

உள்ளே அத்தை அழ ஆரம்பித்தார். மஸ்தூரா தேற்றும் சத்தம் கேட்டது, "விடுடி, விடுடி, முதல்லயே தெரிஞ்சுதே" என்று. அதே நேரம் வாசல் பக்கம் செருப்புச் சத்தம். கீழத் தெருக் கூட்டம், கையில் ரொட்டியும் தட்டுமாக, குழந்தைகளோடு உள்ளே நுழைந்தது.

"பெருநாள் வாழ்த்து! மருமகள் இருக்காளா?"

"இருக்கா" என்றேன். உடுப்பின் ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடுவில் போய் நின்றேன். "அதோ, மரத்தடியில. உடம்பு சரியில்ல, மனசும் சரியில்ல. இந்தப் பெருநாளுக்குக் குனிய மாட்டா. டீ வேணும்னா வாங்க, அவகூட உக்காந்து குடிங்க. குனியறதைப் பாக்கணும்னா அடுத்த வீட்டுக்குப் போங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அங்கேயே திரும்பிப் போனார்கள். போகட்டும். மிச்சம் பேர் என்ன செய்வது என்று தெரியாமல் தட்டோடு நின்றார்கள். அவர்களில் ஒரு சின்ன வயதுக்காரி, போன பெருநாளுக்குப் புதுப்பெண்ணாகத் திரைக்குள் நின்றவள், இடுப்பில் கைக்குழந்தையோடு மெதுவாக மரத்தடிக்குப் போனாள். அதீபா முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ரெண்டாம் நாள் மயக்கம் வந்துச்சு" என்றாள். "நான் முழுகாம இருக்கேன்னு பொய் சொல்லிட்டேன்."